பட்டியலில் பெயர் இருக்கிறதா?

பேரிடர் நடந்த முதல் வாரத்தில் உதவிக்குக் குறைவிருப்பதில்லை. ஒரு குடும்பம் மறுபடி சொந்தக் காலில் நிற்குமா என்பது அதற்குப் பிறகு, ஏதோ ஓர் அலுவலகப் பதிவேட்டில் முடிவாகிறது. தாது வருடப் பஞ்சம் முதல் வயநாடு வரை நீளும் இந்தக் கணக்கை பெங்களூரு சிவாஜிநகரிலிருந்து பார்க்கிறது இந்தக் கட்டுரை.

செப்டம்பர் முதல் வாரத்தில் சிவாஜிநகருக்குச் சவாரி கேட்டால் ஆட்டோக்காரர்கள் யோசிப்பார்கள். வந்தாலும் ரசல் மார்க்கெட்டுக்கு வெகு முன்பே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தூய மரியன்னை பேராலயத்தில் கொடி ஏறிய நாள் முதல் எட்டாம் தேதித் தேர் வரை காவி உடுத்தியவர்கள் தெருவை நிறைத்திருப்பார்கள். தமிழிலும் கன்னடத்திலும் பூசை நடக்கும். மெழுகுவர்த்தி ஏற்றும் வரிசையில் திருநீறு பூசியவர்களும் நிற்பார்கள், பர்தா அணிந்தவர்களும் நிற்பார்கள்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு காலத்தில் பிளாக்பள்ளி என்று பெயர். இன்று நிற்கும் பேராலயக் கட்டடம் 1882-ல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. பதினாறு ஆண்டுகள் கழித்து பிளேக் வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இந்த வட்டாரம் அடங்கிய, பிரிட்டிஷ் பட்டாளம் தங்கிய கன்டோன்மென்டுக்கு வந்த தமிழர்கள் எல்லோரும் பட்டாளத்தோடு வந்தவர்கள் அல்ல. பஞ்சம் பிழைக்க வந்தவர்களும் அதில் உண்டு. பிளேக் காலத்தில் மாதாவிடம் நேர்ந்துகொண்ட கதைகளை இப்பகுதிப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். நிவாரணம் வாங்கிய நினைவும் கொடுத்த நினைவும் சேர்ந்தே தங்கியிருக்கும் இடம் இது.

வெள்ளமோ புயலோ அடித்து ஓய்ந்த சில நாளில் எந்த ஊரிலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: ‘லிஸ்ட்ல பேரு இருக்கா?’ சோற்றுப் பொட்டலத்துக்கும் பாய்க்கும் பிஸ்கட்டுக்கும் லிஸ்ட் தேவைப்படாது. வண்டி வந்து நின்றால் கை நீட்டியவருக்கெல்லாம் கிடைக்கும். வீடு, படகு, நிலத்துக்கு நஷ்டஈடு, இறந்தவருக்கான தொகை என்று வரும்போதுதான் யார் பாதிக்கப்பட்டவர், எது ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தின் சார்பில் யார் கையெழுத்திடுவது என்பதெல்லாம் எழும். உதவியின் தரத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளுக்கும் கிடைத்த பதில்கள்தான். நூற்றைம்பது ஆண்டு அனுபவம் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

ஒரு ராத்தல் தானியம்

1876-ல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் கிணறும் ஏரியும் வற்றின. 1871 கணக்கெடுப்பில் மைசூரின் மக்கள்தொகை 50 லட்சத்துக்குச் சற்று மேல்; 1881-ல் அது சுமார் 42 லட்சம். நடுவில் பஞ்சமும் அதைத் தொடர்ந்த நோய்களும் என்ன செய்தன என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

அரசு இரண்டு வகையில் உதவியது. உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு நிவாரண வேலை, முடியாதவர்களுக்குக் கஞ்சித்தொட்டி. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரயில் பாதை போடும் வேலையிலும் பஞ்சத் தொழிலாளர்கள் மண் சுமந்தார்கள். 1882-ல் அந்தப் பாதை மைசூரை எட்டியது.

கூலி எவ்வளவு என்பதில்தான் சண்டை மூண்டது. பஞ்ச நிலவரத்தைப் பார்வையிட வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில் செலவைக் குறைக்க வழி சொன்னார்: வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை ஏற்கவில்லை. மண்வெட்டி பிடிப்பவனுக்கு இந்த அளவு போதாது, பருப்பும் காயும் இல்லாமல் உடம்பு தாங்காது என்று அவர் எழுதி எழுதி வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் முகாம்களில் பலர் மடிந்திருந்தார்கள்.

அந்த வாதத்துக்குப் பொதுவான விடை எழுத 120 ஆண்டுகள் ஆயின. 1997-ல் உலகத் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ‘ஸ்பியர்’ என்ற முயற்சியைத் தொடங்கி, பேரிடரில் தவிக்கும் மனிதருக்குக் குறைந்தபட்சம் என்ன தர வேண்டும் என்று வரையறுத்தன. ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 2,100 கலோரி உணவு, 15 லிட்டர் தண்ணீர், தங்குமிடத்தில் 3.5 சதுர மீட்டர் இடம். இதையெல்லாம் இரக்கத்தின் பேரில் அல்லாமல் உரிமையாகவே கேட்கலாம் என்பது அந்தக் கையேட்டின் நிலைப்பாடு.

பஞ்சத்தின் இன்னொரு பக்கத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள். 1877 ஆகஸ்டில் சென்னையில் கூட்டம் போட்டு லண்டன் மேயருக்குத் தந்தி அடித்தார்கள். லண்டனிலும் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலும் பொதுமக்கள் லட்சக்கணக்கான பவுன் திரட்டி அனுப்பினார்கள். அந்தப் பணம் வந்து சேர்ந்த நேரத்தில் மழை தொடங்கியிருந்தது. உயிரைக் காப்பது அரசின் பொறுப்பு. பிழைத்தவர்கள் மறுபடி பிழைப்பைத் தொடங்க நாம் என்ன செய்யலாம் என்று நிவாரணக் குழு யோசித்தது. விதைநெல், உழவு மாடு, பிய்ந்துபோன கூரையை வேய்வதற்குக் கைப்பணம் என அந்த நிதி பிரித்துக் கொடுக்கப்பட்டது. குழுவின் செயலாளராக இருந்த பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி பின்னர் பஞ்சத்தைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். ‘மறுவாழ்வு’ என்று இன்று தனித் துறையாகப் பேசப்படும் வேலை அன்றே நம் மண்ணில் நடந்திருக்கிறது.

விதைநெல் வாங்க நிலம் வேண்டும் என்பதுதான் அதில் இருந்த சிக்கல். குத்தகைக்காரனும் கூலிக்காரனும் நெசவாளியும் வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தவர்களில் பலருக்குக் கிடைத்த வழி, ரயிலோ வண்டித்தடமோ ஏறி கன்டோன்மென்ட் போன்ற ஊர்களுக்குப் போவது.

நோய் போனது, ஏழை நின்றான்

1898 ஆகஸ்டில் பிளேக் ரயிலேறி பெங்களூருக்கு வந்தது. வீடுகளைக் காலி செய்யச் சொல்லி, சந்தேகப்பட்டவர்களை முகாம்களில் அடைத்தார்கள். இதே கெடுபிடி புனேயில் மக்கள் கோபத்தைக் கிளப்பி, 1897 ஜூனில் அங்கிருந்த பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டிருந்தார். உதவி செய்ய வந்தவர் கதவை உடைத்து நுழைந்தால் மக்கள் நோயாளியை ஒளித்துவைப்பார்கள் என்பதை அதிகாரிகள் பட்டுத்தான் கற்றார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததும், பெங்களூரில் பிளேக் மாரம்மாவுக்கு நடை திறந்ததும் அந்தக் காலத்துப் பயத்தின் பதிவுகள்.

நோய் அடங்கிய பிறகு நடந்த மறுகட்டுமானம் பெங்களூரின் முகத்தையே மாற்றியது. நெரிசலான பேட்டைகளுக்கு வெளியே பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வளர்ந்தன. கன்டோன்மென்ட் பக்கம், சிவாஜிநகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிரேசர் டவுன் உருவானது. எலி நுழையாத அடித்தளம், காற்றோட்டமான அறை, அகலத் தெரு என்று திட்டமிட்ட பொறியாளர் ஸ்டீபன்ஸ், பிளேக் அண்டாத நகரமைப்பு என்ற பொருளில் 1914-ல் புத்தகமே வெளியிட்டார். இன்றும் பிரேசர் டவுனில் அவர் பெயரில் சாலை இருக்கிறது.

மனை வாங்க முடிந்தவர்கள் புதுப் பகுதிகளுக்குப் போனார்கள். வாங்க முடியாதவர்கள் பிளாக்பள்ளிச் சந்துகளிலேயே இருந்துகொண்டார்கள். திட்டமிட்ட மறுகட்டுமானம் நல்லதாக அமைந்தும், அதன் பலன் எல்லாருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரவில்லை. அதே கதை பெரிய அளவில் நிகழ்ந்தது 2004 சுனாமிக்குப் பின்.

நாகையில் குவிந்த துணி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் வெளியூர்க் கூட்டம் நிறைந்திருந்தது. சுமத்ரா அருகே கடலடியில் எழுந்த அலை காலையில் கரையைத் தாண்டியது. தமிழகத்தில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அதில் 6,000-க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை போன்ற பெயர்கள் அதன் பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தன.

உதவி அலையைப் போலவே வந்தது. இரண்டு மூன்று நாளில் நாகை சாலையோரங்களில் பழைய துணி மலைபோல் குவிந்தது. கிழிந்த சட்டை, கம்பளி ஸ்வெட்டர், ஜிகினாப் பட்டு. வெயில் ஊரில் மீன்பிடிக் குடும்பங்கள் கட்டிக்கொள்ள முடியாத துணிகள். வாங்க ஆளில்லாமல் மழையில் நனைந்து நாறின. மாடுகள் அவற்றின் மேல் நடந்தன. நகரங்களிலிருந்து துணி திரட்டி கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் கூஞ்ச் போன்ற அமைப்புகள், ‘தேவையானதைக் கொடுங்கள், வேண்டாததைக் கழிக்காதீர்கள்’ என்று அதன் பிறகு இடைவிடாமல் சொல்லிவருவதற்கு நாகை தந்த பாடமும் ஒரு காரணம்.

குழப்பத்தின் நடுவே நல்லதொரு வேலையும் நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும், நாகையில் பெண்களோடு வேலை செய்துவந்த சினேகாவும் சேர்ந்து, மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் மையத்தைத் தொடங்கின. எந்த ஊரில் யார் வேலை செய்கிறார்கள், எங்கே சமையல் பாத்திரம் மிஞ்சியிருக்கிறது, எங்கே கழிப்பறை இல்லை என்று தினமும் கணக்கு வைப்பதுதான் அதன் பணி. ஊருக்கு நூறு அமைப்புகள் வந்து போகிற நேரத்தில் அந்தக் கணக்குப் புத்தகம்தான் பெரிய உதவியாக இருந்தது.

தற்காலிகக் குடியிருப்புகள் தார் ஷீட்டில் எழுந்தன. சித்திரை வெயிலில் அதற்குள் குழந்தையைப் படுக்கவைக்க முடியாது. சில மாதம் என்று சொல்லி உள்ளே போனவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள்.

எது குடும்பம்?

சோழமண்டலக் கரை மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்துதான் நிவாரணத்தைப் பிரித்தது. எல்லாருக்கும் சமமாக என்பது அதன் பழைய நியாயம். அதனால் சண்டை குறைந்தது. ஆனால் சமம் என்பது தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு. ஊருக்கு வரி கொடுக்கும் ஆணை வைத்து எண்ணப்படும் கணக்கு அது. கணவனை அலை கொண்டுபோன பெண்ணும், முன்பே விதவையாகித் தனியே மீன் விற்றுப் பிழைத்தவளும் பல ஊர்களில் முழுத் தலைக்கட்டாக எண்ணப்படவில்லை. மீனவர் அல்லாதவர்கள் நிலை இன்னும் மோசம். கரைக்குச் சற்று உள்ளே உப்பேறிய வயல்களில் கூலிவேலை பார்த்த தலித் குடும்பங்களுக்கு வீடும் போகவில்லை, படகும் போகவில்லை, போனது வேலை. நிலத்துக்கான நஷ்டஈடு நிலம் வைத்திருந்தவருக்குப் போனது. கூலி இழந்தவருக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

கடலுக்கு அப்பால் இலங்கையின் கிழக்குக் கரையில் வேறொரு வகைச் சிக்கல். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதே வழக்கம். தாயின் வீடு மகளுக்கு. சுனாமிக்குப் பின் கட்டித் தந்த வீடுகளுக்கு ‘குடும்பத் தலைவர்’ பெயரில் பத்திரம் எழுதப்பட்டபோது, அந்தச் சொல்லுக்கு அதிகாரிகள் கொண்ட பொருள் கணவன். தலைமுறையாகப் பெண்கள் கையில் இருந்த சொத்து, உதவி என்ற பெயரில் ஓர் எழுத்தரின் பேனாவால் கை மாறியது.

ஒருவர் இறந்துவிட்டார் என்பதைக் கூடச் சில சமயம் நிரூபிக்க முடிவதில்லை. உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் மீனவர்களை அடித்துக்கொண்டு போனபோது, அந்த ஏழு ஆண்டு வரை பிள்ளைகளை எதை வைத்து வளர்ப்பது என்பது மீனவப் பெண்களின் கேள்வி. போராட்டங்களுக்குப் பின், காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கும் இறந்தவர்களுக்கு உரிய ரூ.20 லட்சம் வழங்கப்பட்டது. சட்டத்தின் காலக்கெடுவைப் பேரிடர் நேரத்தில் தளர்த்த முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

பொருளா, பணமா?

சுனாமிக்கு உலகம் கொடுத்ததைப் போல் அதுவரை வேறெந்தப் பேரிடருக்கும் கொடுத்ததில்லை. சர்வதேச அமைப்புகள் சேர்ந்து நடத்திய மதிப்பாய்வு 2006-ல் வெளியானது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலர் என்ற அளவில் நிதி சேர்ந்ததாக அது கணக்கிட்டது. அதே 2004-ல் வங்கதேசத்தை மூழ்கடித்த வெள்ளத்தில் தலைக்குச் செலவானது 3 டாலர். தொலைக்காட்சியில் அலை தெரிந்தது. மெல்ல ஏறிய வெள்ளம் தெரியவில்லை.

நிதி மிகுந்ததால் வந்த விளைவுகளையும் அந்தக் கரையில் பார்க்கலாம். தருவதற்குக் கண்ணுக்குத் தெரியும் பொருள் வேண்டும், அதில் பெயர் எழுத வேண்டும் என்று போட்டிபோட்டவர்களுக்குப் படகு பிடித்துப்போனது. கட்டுமரம் வைத்திருந்தவருக்கு ஃபைபர் படகு கிடைத்தது. முன்பு படகே இல்லாமல் கூலிக்குப் போனவருக்கும் கிடைத்தது. கடலில் இருந்த மீன் மட்டும் கூடவில்லை. சில ஆண்டுகளில் படகுகள் அதிகம், எரிபொருள் செலவு அதிகம், வலையில் விழுவது குறைவு என்ற நிலை. தரமற்ற படகுகள் கரையிலேயே பிளந்தும் கிடந்தன.

கையில் பணமாகக் கொடுத்தால் குடித்தே தீர்ப்பார்கள் என்று முன்பெல்லாம் சொல்லுவார்கள். இன்று உலகம் முழுவதும் நிவாரண அமைப்புகளின் அனுபவம் அதற்கு எதிர்த் திசையில் போய்விட்டது. கடைகள் திறந்திருக்கும் ஊரில் எந்தக் குடும்பத்துக்கு மருந்து, எதற்குப் பள்ளிக்கூடக் கட்டணம், எதற்கு அடகிலிருந்து தையல் மெஷினை மீட்பது என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

தமிழகமே இதற்குச் சோதனைக் களமாக இருந்திருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நிவாரணத் தொகை வங்கிக் கணக்குகளில் செலுத்தப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் ரேஷன் கடை வழியாக டோக்கன் கொடுத்து, ஒரு கார்டுக்கு ரூ.6,000 ரொக்கமாகவே கையில் தந்தார்கள். கார்டு இல்லாதவர்கள் மனு எழுதிக் காத்திருந்தார்கள். அதே மாதம் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை மூழ்கியது. அங்கேயும் ரேஷன் கடைதான் வாசல்.

வங்கி வழி வந்தால் எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு புதைத்தது. உயிர் தப்பியவர்களின் கணக்கில் அரசு அவசர உதவியாக ரூ.10,000 போட்டது. சிலருடைய கணக்கில் அது விழுந்த கையோடு, பழைய கடனின் மாதத் தவணையாக வங்கி பிடித்துக்கொண்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே திருப்பிக் கொடுத்தார்கள். கணினிக்குத் தவணைத் தேதி தெரியும், மலை சரிந்தது தெரியாது.

வீடு எங்கே, யார் பேரில்?

சுனாமிக்குப் பின் தமிழக அரசு 2005 மார்ச்சில் வெளியிட்ட ஆணை, கடற்கரை வீடுகளின் எதிர்காலத்தை முடிவுசெய்தது. அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் தள்ளிப் போனால் சுமார் ரூ.1.5 லட்சம் மதிப்பில் இலவச வீடு. அங்கேயே இருப்போம் என்றால் இருக்கலாம். அரசின் உதவி கிடையாது. புது வீடு வாங்கினால் பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். கடலைப் பார்த்து நிறத்தையும் காற்றையும் கணிப்பவனுக்கு ஒரு கிலோமீட்டர் உள்ளே வீடு என்பது தொழிலை மாற்றச் சொல்வது போல. பலர் உள்ளே வீடு, கரையில் கொட்டகை என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

அதே ஆணையில் ஒரு நல்ல வரி இருந்தது. புது வீடு கணவன் மனைவி இருவர் பேரிலும் எழுதப்பட வேண்டும் என்பதே அது. மட்டக்களப்பில் நடந்ததற்கு நேர் எதிரான ஏற்பாடு. ஒரு வரி எத்தனை பெண்களின் கையில் பத்திரத்தைக் கொண்டுசேர்க்கும் என்பதற்கு அந்தக் கரை சாட்சி.

2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத்தின் கட்ச் பகுதி வேறு வழி போனது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அரசு தவணை தவணையாகப் பணம் தந்து, பொறியாளர் மேற்பார்வையில் அவர்களையே கட்டிக்கொள்ள விட்டது. தன் வீட்டின் சிமென்ட் கலவையைத் தானே நின்று பார்த்தவர்கள் கட்டிய வீடுகள் அவை. நன்கொடையாளரும் ஒப்பந்தக்காரரும் கட்டித் தந்த குடியிருப்புகளில் சில ஆண்டுகளிலேயே கூரை ஒழுகி, கழிவுநீர் தேங்கியது என்ற குறை கடலோரத் தமிழகத்தில் பல ஊர்களில் எழுந்தது. சென்னையிலோ 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தூரப் பகுதிகளுக்கு அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. வீட்டுவேலைக்குப் போன பெண்களுக்கு மாடி வீடு கிடைத்தது, வேலைக்கு வர பஸ் செலவு கட்டுப்படியாகவில்லை.

கர்நாடகம் 2018-ல் குடகு நிலச்சரிவையும் 2019-ல் வட மாவட்ட வெள்ளத்தையும் பார்த்தது. 2019-ல் இடிந்த வீடுகள் ஏ, பி, சி என்று பிரிக்கப்பட்டன. முழுதும் சேதமான ஏ பிரிவுக்கு ரூ.5 லட்சம், கட்டுமானம் உயர உயரத் தவணையாக. சி பிரிவுக்கு ரூ.50,000. நின்று பார்த்துவிட்டு அதிகாரி எழுதும் ஓர் எழுத்தில் பத்து மடங்கு வித்தியாசம்.

வயநாட்டுப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 100 வீடுகள் கட்டித்தருவதாகக் கர்நாடக அரசு 2024 ஆகஸ்டில் அறிவித்தது. கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தில் கேரள அரசு அமைக்கும் நகரியத்துக்கு 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. வீட்டுக்கு ஏழு சென்ட், ஆயிரம் சதுர அடி. அங்கே இறந்தவர்களிலும் தப்பியவர்களிலும் தமிழ் வேர் கொண்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தலைமுறையாக இருந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட்கூட இருந்ததில்லை. வேலையும் குடியிருப்பும் ஒரே முதலாளியிடம் இருந்த குடும்பத்தை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது என்பதுதான் அங்கேயும் முதல் சிக்கல்.

வாடகைக்காரரின் வெள்ளம்

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகள் மூழ்கின. மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் வேலைக்குப் போன படங்கள் உலகம் சுற்றின. அதே தண்ணீர் தகர ஷெட்டுகளில் இருந்த கூலித் தொழிலாளர்களின் அரிசி மூட்டையையும் நனைத்தது. அந்தப் படங்கள் அவ்வளவாகச் சுற்றவில்லை.

அப்படியொரு வெள்ளம் சிவாஜிநகர்ச் சந்துகளுக்குள் புகுந்தால் கணக்கு எப்படி இருக்கும்? இங்கே கீழ்த்தளத்தில் கடையும் பட்டறையும், மேலே நான்கைந்து குடித்தனங்கள். பெரும்பாலோர் வாடகை அல்லது லீஸ். பெங்களூரில் லீஸ் என்றால் மொத்தமாகச் சில லட்சங்களை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. ஊரில் போக்கியம் என்பார்கள். முத்திரைத்தாளில் எழுதிப் பதிவுசெய்யாத ஒப்பந்தங்களே அதிகம். சுவர் இடிந்தால் அந்த லட்சங்கள் எப்போது திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மாநிலப் பேரிடர் நிதிக்கு மத்திய அரசு 2022-ல் வகுத்த அளவுகளைப் பார்த்தால், சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு ரூ.1.2 லட்சம். அது வீட்டின் சொந்தக்காரருக்கானது. உள்ளே குடியிருந்தவருக்கு மிஞ்சுவது துணிமணிக்கு ரூ.2,500, பாத்திரபண்டத்துக்கு ரூ.2,500. குஜிரிக் கடையில் பழைய வண்டிப் பாகம் விற்பவருக்கும், ரசல் மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டியில் பழம் வைப்பவருக்கும் அதில் தனி வரி இல்லை. அவர்கள் இழப்பது வீட்டைவிட வியாபார முதலீட்டை; அதற்கு வட்டிக்காரரிடம் போனால் வெள்ளம் வடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வடியாத கடன்.

பட்டியலைப் பேரிடருக்குப் பின் தேடி எழுதுவதில்தான் இத்தனை தகராறும் வருகிறது. முன்கூட்டியே ஒன்று இருந்தால்? கர்நாடகத்தில் அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருஹலட்சுமி திட்டம், குடும்பத் தலைவியாகக் குறிக்கப்பட்ட பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் ரூ.2,000 போடுகிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். சொந்த வீடா வாடகையா என்று அது கேட்பதில்லை. தலைக்கட்டில் பாதியாக எண்ணப்படும் விதவையும் அதில் முழுக் குடும்பம்தான். ஒரு வார்டில் வெள்ளம் ஏறிய மறுநாளே, எந்த விசாரணையும் இல்லாமல், முதல் தவணையை அந்தக் கணக்குகளில் போட முடியும். மிக்ஜாமின்போது ரேஷன் கார்டை வைத்து தமிழகம் செய்ததைவிட ஒரு படி மேலே போகும் ஏற்பாடாக அது அமையும். தவணைக்குப் பிடிக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை மட்டும் கூடவே போக வேண்டும்.

ஓட்டை இல்லாத பட்டியலும் அல்ல அது. மாதத் தொகையே தாமதமாக வருகிறது என்ற புகார் திட்டம் தொடங்கியதிலிருந்து இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் அது. சிவாஜிநகர் விடுதிகளிலும் ஓட்டல் சமையலறைகளிலும் பட்டறை மாடிகளிலும் தங்கியிருக்கும் பிகார், ஒடிசா, அசாம் இளைஞர்களுக்கு இந்த மாநிலத்துக் கார்டு கிடையாது. அவர்கள் பெயர் எந்த வார்டு அலுவலகத்தில், யார் சொல்லி, எந்த மழைக்காலத்துக்குள் எழுதப்படும் என்பதற்கு மாநகராட்சியிடமும் வருவாய்த் துறையிடமும் இதுவரை தெளிவான ஏற்பாடு இல்லை.